கழுதைக் கணக்கு

மச்சான்,

இன்று காலை கடையைத் திறந்து கால் மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. புண்ணாக்கு மூட்டையொன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஏலக்காயும் கித்துள் கருப்பட்டியும் சேர்ந்த வாசம் வந்தது. கோழித் தீனியும் மாட்டுத் தீனியும் விற்கிற கடையில் அந்த வாசத்துக்கு என்ன வேலை? நிமிர்ந்து பார்த்தால் உன் மகள் நிற்கிறாள். கையில் ஒரு தட்டு, தட்டின் மேல் வாழையிலை.

"மாமா, இண்டைக்கு ஒண்டாந் திகதி. மறந்திட்டீங்களா?"

வட்டிலப்பம். கருப்பட்டியும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த, உன் வீட்டுப் பலகாரம். நீ மௌத்தாகி, உன்னை அடக்கிய பிறகு வருகிற முதல் ஜனவரி இது. இனி அந்தத் தட்டு என் கடைப்பக்கம் வராது என்றுதான் நினைத்திருந்தேன். உன் மகள் அதை நேரே கொண்டுபோய், உன்னைப் போலவே, தராசின் மேல் வைத்தாள். தின்கிற சாமானைத் தராசில் வைக்காதே என்று எத்தனை தரம் உன்னிடம் கத்தியிருப்பேன்! அவளிடம் கத்தவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

முதன்முதலில் நீ அந்தத் தட்டோடு வந்த காலை நினைவிருக்கிறதா? "யாருக்குடா பிறந்தநாள்?" என்று கேட்டேன். "குதிரைக்கு" என்றாய். "எந்தக் குதிரைக்கு?" "எல்லாக் குதிரைக்கும்." உனக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்றுதான் எண்ணினேன். பிறகு நீ மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து விளக்கினாய். ரேஸ் குதிரை எந்த மாதத்தில் பிறந்தாலும் அதற்கு வயது ஏறுவது ஜனவரி முதலாந் திகதிதான். வெள்ளைக்காரன் எந்தக் காலத்திலோ போட்ட சட்டம். ஜனவரி இரண்டில் பிறந்ததும் ஒக்டோபரில் பிறந்ததும் ஒரே வயதென்று ஒரே பந்தயத்தில் ஓடும். அதனால்தான் குதிரை வளர்க்கிறவன் எல்லாம் ஜனவரி முதல் கிழமையில் குட்டி கிடைக்கவேண்டும் என்று தவம் கிடக்கிறான். டிசம்பர் கடைசியில் பிறந்ததோ, கதை முடிந்தது. பிறந்து நாலு நாளில் ஒரு வயது. தன்னைவிட ஒரு வருஷம் மூத்ததுகளோடு ஓடவேண்டும். அப்படிப்பட்ட குட்டியை எவன் வாங்குவான்?

இதையெல்லாம் நீ சொல்லச் சொல்ல, நான் வட்டிலப்பத்தில் முந்திரிக்கொட்டை எங்கே இருக்கிறது என்று தோண்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காலை கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேட்டிருந்தால் இந்த மடலில் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

நம் சகவாசமே ஒரு கேள்வியில்தானே தொடங்கியது. அன்று வெள்ளைச் சாரத்தோடு கடை வாசலில் வந்து நின்று, "ஓட்ஸ் இருக்கா?" என்று கேட்டாய். "வீட்டில யாருக்கும் சீனி வருத்தமா?" என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் மதுரங்குளிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நீ புத்தளத்துப் பழைய குடும்பத்து ஆள், ஹாஜியார், உன் வாப்பா விட்டுப்போன தென்னந்தோட்டம் உப்பு நீர்க் களப்புக் கரைவரை கிடக்கிறது. நான் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து கரைத்தீவில் குடிசை போட்டு, ஒரு மூட்டை தவிட்டில் வியாபாரம் தொடங்கினவன். உன்னை நான் 'ஹாஜியார்' என்றுதான் கூப்பிட்டேன். இரண்டாம் மாதமே "டேய், என்னை மச்சான் எண்டு கூப்பிடு, இல்லாட்டி வேற கடையில தவிடு வாங்குவன்" என்று மிரட்டினாய்.

உன் தோட்டத்தைச் சுற்றி இருந்தவர்கள் இறால் குளம் வெட்டினார்கள், கோழிப் பண்ணை போட்டார்கள். நீ மூன்று பெட்டைக் குதிரை வாங்கினாய். வயிற்றில் குட்டியோடு, காகிதங்களோடு, கொழும்பில் குதிரைத் தொழிலைக் கைவிட்ட ஒருவரிடமிருந்து வாங்கிவந்தாய். "அவர் ஏன் விட்டாராம்?" என்று கேட்டேன். "கட்டுப்படியாகல்லயாம்" என்றாய், ஏதோ மழை பெய்யுதாம் என்கிற குரலில்.

கட்டுப்படியாகாததற்கான காரணங்களை நீயே எனக்கு வரிசையாகச் சொல்லுவாய், அதுவும் சந்தோஷமாக! வருஷத்தில் ஒரு சில பந்தயங்கள், அதுவும் நுவரெலியா மலையில். குதிரை வாங்குகிற ஆட்களை இரண்டு கை விரலில் அடக்கிவிடலாம். அவர்களும் உள்ளூர்க் குட்டியை வாங்கி இரண்டு வருஷம் தீனி போட்டு வளர்ப்பதைவிட, இந்தியாவில் ஓடி ஓய்ந்த குதிரையைக் கப்பலில் இறக்குவது லேசு என்பார்கள். மாட்டுக்குப் போல ஊசியில் சினைப்படுத்தவும் முடியாது. பொலிக் குதிரையோடு நேரே சேர்த்தால்தான் பதிவு. நாட்டில் நல்ல பொலிக் குதிரை இருப்பதோ மலையில். பெட்டையை லொறியில் ஏற்றி நூற்றைம்பது வளைவு சுற்றிப் போகவேண்டும்.

"இவ்வளவும் தெரிஞ்சுமா இறங்கினாய்?" என்று கேட்பேன்.

"மச்சான், நம்ம நாட்டுக் குதிரை எண்டு சொல்ல நாலு குதிரையாவது இருக்க வேணாமா? எல்லாரும் இறக்குமதி செஞ்சா, பிறகு வாயால கனைக்க வேண்டியதுதான்."

அதைச் சொல்லிவிட்டு நீ கனைத்தும் காட்டுவாய். தொழுகைக்குப் பள்ளிக்குப் போகிற வழியில் அப்படிக் கனைத்து உன் சின்ன வாப்பாவிடம் ஏச்சு வாங்கியது ஊருக்கே தெரியும். அந்த மனுசன் "சூதாட்டக் குதிரை வீட்டுக்கு ஆகாது" என்று உன்னோடு இரண்டு பெருநாள் கதைக்கவில்லை. நீ ஒரு சதம் பந்தயம் கட்டியவன் இல்லை என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்லுவேன். நுவரெலியாவில் பணம் கட்டுகிற இடத்தைக் கடக்கும்போது நீ தொப்பியை இழுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனதைப் பார்த்தால், உன் குதிரையைவிட நீ வேகம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

அந்த வருஷம் ஜனவரி. டொலர் ஏறப் போகிறது என்று எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருந்த நேரம். உன் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. முதல் வந்த குட்டிகள் அரை விலைக்குப் போயிருந்தன. அப்போதுதான் கண்டிப் பக்கத்துச் சிங்கள மாத்தையா ஒருவர், பந்தயக் குதிரை வைத்திருப்பவர், உன் மூன்று பெட்டைகளில் ஒன்றான முத்துவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இவளுக்கும் மலையில் நிற்கிற இன்ன பொலிக் குதிரைக்கும் பிறக்கிற குட்டியை நான் வாங்குகிறேன், ஆனால் ஜனவரிக் குட்டியாக இருக்கவேண்டும். அந்த ஒரு குட்டி விற்றால் மூன்று பெட்டைகளையும் இன்னும் இரண்டு வருஷம் வைத்திருக்கலாம். விற்காவிட்டால் தொழில் அதோடு சரி. உன் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். முத்துவுக்கு மட்டும்தான் தெரியாது.

முத்துவை எப்போது மலைக்குக் கொண்டுபோவது என்பதுதான் கேள்வி. முந்திய குட்டிகள் வயிற்றோடு வந்தவை, நாள் குறித்த காகிதமும் கூடவே வந்தது. நீயாக நாள் பார்த்து ஒரு பெட்டையைச் சேர்ப்பது இதுதான் முதல் தடவை. பொலிக் குதிரைக்காரர் போனில் பெப்ரவரி நடுவில் வாருங்கள் என்றார். ஆனால் என் லொறி ஜனவரி இருபதாந் திகதி அளவில் மலைநாட்டு மாட்டுப் பண்ணைக்குப் புண்ணாக்கு ஏற்றிப்போக இருந்தது. அதன் பின்னாலேயே உன் நண்பனின் லொறியில் குதிரையை ஏற்றினால், பாதை தெரிந்த என் டிரைவர் முன்னால் போவான், செலவும் பங்கு. பெப்ரவரியில் தனியாகப் போனால் முழுச் செலவும் உன் தலையில்.

நீ யோசித்தாய். "முந்திப் போனா முந்திப் பிறந்திடுமேடா" என்றாய்.

என் வாய் சும்மா இருக்குமா? "டேய் மச்சான், நான் மன்னாரான். கழுதைக்கு நடுவுல வளந்தவன். எங்கட வாப்பாட கழுதை ஆறு தரம் ஈண்டத நான் பிறை பாத்துக் கணக்கு வெச்சிருக்கன். பன்னெண்டு பிறை. ஒரு பிறை கூடினாலும் கூடும், குறையாது. கழுதையும் குதிரையும் ஒரே சாதிதானே? இருபதாந் திகதி சேத்தா ஜனவரி பத்தளவில குட்டி. எழுதி வெச்சுக்கோ!"

நீ எழுதி வைத்தாய், பாவி. அலுமாரிக் கதவின் உள்பக்கம், பென்சிலால்.

மலையில் அந்தப் பொலிக் குதிரைக்காரர் நம்மைப் பார்த்துக் கேட்டார், "கொஞ்சம் முந்திவிட்டீர்களே, நாள் கணக்குப் பார்த்தீர்களா?" என்று. நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் "பாத்தாச்சு, பாத்தாச்சு" என்று கையை ஆட்டினேன். அவர் பழக்கப்பட்ட மனுசன், மரியாதைக்காரர், அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தக் கை ஆட்டலை இப்போது நினைத்தாலும் என் கையை நானே அடிக்கத் தோன்றுகிறது.

அதன் பிறகு நாடு கவிழ்ந்த கதை உனக்கும் எனக்கும் நன்றாகத் தெரியும். பெற்றோல் வரிசை, காஸ் வரிசை. இறக்குமதித் தீனி ஒரு மூட்டையின் விலையைக் கேட்டால் காது அடைத்தது. மிருக வைத்தியர் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் இல்லாமல் மாதக் கணக்கில் வரவில்லை. அந்த நேரத்தில் முத்துவுக்கு நான் சேர்த்துக் கொடுத்த தீனி இருக்கிறதே: உள்ளூர்ச் சோளம், தவிடு, கொள்ளு, கொஞ்சம் புண்ணாக்கு, அதற்குமேல் நீ களப்புக் கரையில் வளர்த்த புல். முத்து மூக்கைச் சுழித்துவிட்டுத் தின்றாள். "இங்கிலீசுக் காகிதம் வெச்சிருக்கிற குதிரைக்குப் புத்தளத்துச் சாப்பாடு பிடிக்கத்தான் வேணும்" என்று நீ அவள் கழுத்தைத் தட்டினாய். அவள் வயிறு நன்றாக வளர்ந்தது. நானும் என் கைராசியைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

டிசம்பர் மூன்றாம் கிழமை நீ போன் பண்ணினாய். "டேய், முத்துட மடியில மெழுகு மாதிரி என்னவோ கட்டியிரிக்கி." நான் "அது காத்துக்கு" என்றேன். காற்றுக்கு மடியில் மெழுகு கட்டுமா! அல்லாஹ்வே, எனக்கே என் வாய்மேல் வெட்கம். பின்னேரம் மிருக வைத்தியர் எப்படியோ எண்ணெய் தேடி வந்து, பார்த்த உடனே சொன்னார்: "ஹாஜியார், குதிரைக்குப் பதினொரு மாசமும் சில நாளும். இது பன்னெண்டு மாசம் நிற்காது. கழுதைதான் அப்படி நிற்கும்."

நீ என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். பார்த்திருந்தால் நான் அந்த இடத்திலேயே புதைந்திருப்பேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் இருக்கின்றனவே, நினைத்தால் இப்போதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ முத்துவின் காதில் குனிந்து கெஞ்சினாய். "இன்னும் ஒம்போது நாள் புள்ள. ஒம்போதே ஒம்போது நாள்." மறுநாள், "எட்டு நாள் கண்ணு, காலை ஒடுக்கி வெச்சுக்கோ." உன் மனைவி வேலிக்கு அப்பால் நின்று, "என்ட நாலு பிள்ளைக்கும் ஒரு தரமாவது இப்பிடிக் கெஞ்சினீங்களா?" என்று கேட்டார். முத்து எல்லாம் கேட்டுக்கொண்டு வாலை ஆட்டினாள். டிசம்பர் முடிய ஐந்து நாள் இருக்க, லுஹர் தொழுதுவிட்டு நாம் வருவதற்குள் தென்னை நிழலில் படுத்துவிட்டாள். அரை மணித்தியாலம். செம்மண் நிறத்தில், நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு, நாலு காலும் நாலு திசைக்குப் போக, ஒரு பெட்டைக் குட்டி.

நான் ஒரு பக்கம் தலையில் கை வைத்து நிற்கிறேன். உன் தொழில் அந்த மணலில் விழுந்து கிடக்கிறது. நீயோ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "எழும்பு, எழும்பு, விழாத, ஆ, விழுந்திட்டாள், பரவாயில்ல, எழும்பு!" என்று குதிக்கிறாய். அவள் நின்றுவிட்டாள். நீ அழுதுகொண்டே சிரித்தாய். நான் அந்த நேரம் உன்மேல் கோபப்பட்டேன், மச்சான். இவ்வளவு நட்டத்தில் ஒரு மனுசன் இப்படிச் சந்தோசப்படக் கூடாது என்று தோன்றியது.

குட்டியின் பதிவுப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது நான்தான் பேனையைப் பிடித்தேன். "ஜனவரி ரெண்டு எண்டு போடுவம். ஒரு கிழமைதானே? யார் வந்து பாக்கப் போறாங்க?"

"மறுநாள் வைத்தியர் வந்து பாத்தார்."

"அவர் நம்ம ஆள்."

"நீ பாத்தாய். நான் பாத்தன். முத்து பாத்தாள். மேல இரிக்கிறவன் பாத்தான். இத்தனை சாட்சிய வெச்சிக்கொண்டு ஒரு பச்சப் பிள்ளைட பிறந்த நாளில பொய் எழுதச் சொல்றியா?"

நான் விடவில்லை. அந்த மாத்தையா வாங்கமாட்டார், மூன்று பெட்டையையும் விற்கவேண்டி வரும், இவ்வளவு வருஷப் பாடும் மண்ணாகும் என்று கத்தினேன். அது உன் கஷ்டத்துக்காக மட்டும் கத்திய கத்தல் இல்லை. அந்த ஒரு பொய் எழுதப்பட்டால் என் பிழை அழிந்துவிடும் அல்லவா? நீ அது புரிந்தவன்போல என் கையிலிருந்து பேனையை மெதுவாக எடுத்தாய். உண்மைத் திகதியை எழுதினாய். பெயர் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'டிசம்பர்' என்று எழுதினாய். எழுதிவிட்டுச் சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை ஆடியது.

மாத்தையா நல்ல மனுசர். வருத்தப்பட்டார், வாங்கவில்லை. ஜனவரி ஒன்றாந் திகதி நீ வட்டிலப்பத்தோடு வந்தாய். "டிசம்பருக்கு இண்டைக்கு ஒரு வயசு. பிறந்து அஞ்சு நாள்" என்றாய். கடையில் கோழிப் பண்ணைக்காரர் உட்பட நாலைந்து பேர் நின்றார்கள். "அது எப்பிடி ஹாஜியார் இவ்வளவு பிழையா நாள் பாத்தீங்க?" என்று கோழிப் பண்ணைக்காரர் கேட்டார். என் முகம் கறுத்துப் போனது. தீனிக்காரனுக்கு அவன் சொல்லுதானே கடை! மூட்டையில் என்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, என் வாயை நம்பித்தான் வாங்குகிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"என்ட பிழைதான். நான் கழுதைக் கணக்குப் பாத்திட்டன்."

கடை அதிரச் சிரித்தார்கள். அன்று பின்னேர அஸர் தொழுகைக்குள் சந்தி முழுக்கப் பரவிவிட்டது. அன்றிலிருந்து நீ 'கழுதைக் கணக்கு ஹாஜியார்'. பள்ளியில், சந்தையில், பள்ளிவாசல்துறையில் மீன் வாங்கப் போனால் அங்கேயும். நீ திரும்பி "ஓம்" என்பாய், ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி. நான் அடுத்த கிழமை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த கிழமை அதற்கடுத்த கிழமை ஆனது. மச்சான், மூன்று வருஷம் ஆனது.

அந்தப் பெயர் உனக்குச் சிரிப்பை மட்டும் கொண்டுவரவில்லை. மாவட்டத்தில் நாலைந்து பேரைச் சேர்த்து, பெட்டைகளைக் கூட்டாக வளர்த்து, மலைப் பயணச் செலவைப் பங்கிட்டால் தொழில் தாக்குப்பிடிக்கும் என்று நீ ஒரு கூட்டம் வைத்தாயே. வந்தவர்கள் பிரியாணி தின்றார்கள், ஒருவர் "நாள் யார் பாக்கிறது, நீங்களா?" என்று கேட்டார், எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். நான் அந்தக் கூட்டத்தில் கடைசிக் கதிரையில் இருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

மற்ற இரண்டு பெட்டைகளும் கல்பிட்டி ஹோட்டலுக்குப் போயின. வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரையில் நடக்கிற உத்தியோகம். நீ கிழமைக்கு ஒருக்கால் பார்க்கப் போவாய். "ரெண்டும் கொழுத்திட்டுதுகள். எங்களவிட நல்லா சம்பாதிக்குதுகள்" என்பாய். மிஞ்சியது முத்துவும் டிசம்பரும். குட்டியை யாரும் வாங்கவில்லை என்றால் நாமே ஓட்டுவது என்று முடிவெடுத்தாய். களப்பின் ஆழமில்லாத தண்ணீரில் அவளை நடக்கவிட்டுக் கால் உரமேற்றினாய். கல்பிட்டி ரோட்டில் கழுதைகளைக் கண்டால் அவள் காதை நிமிர்த்தி நிற்பாள். "பாத்தியா, மச்சான்ட சொந்தக்காரங்களுக்கு மரியாதை செய்றாள்" என்று என்னைக் கிண்டலடிப்பாய். நம் இருவருக்கும் மட்டும் தெரிந்த பகிடி அது.

போன ஏப்ரல், நுவரெலியா. மூன்று வயதுக் குதிரைகளோடு நம் இரண்டு வயதும் சில மாதமும் ஆன பிள்ளை. ஆறு குதிரை ஓடின. ஒலிபெருக்கியில் அவள் பெயர் வந்ததும் பக்கத்திலிருந்தவர்கள் "ஏப்ரல்ல டிசம்பர் ஓடுது" என்று சிரித்தார்கள். முதல் வளைவில் கடைசி. இரண்டாம் வளைவில் கடைசிக்கு முன். நேர்ப் பாதைக்கு வந்ததும் காதை மடித்துக்கொண்டு பாய்ந்தாள் பார், யா அல்லாஹ்! மூன்றாவது. நீ தொப்பியைக் கழற்றி எறிந்ததில் முன் வரிசைக் கிழவர் ஒருவரின் மடியில் விழுந்தது. "அஞ்சு வயசாகட்டும், ஒரு வருஷ வித்தியாசம் யாருக்குத் தெரியும்? எல்லாம் ஒண்டுதான்!" என்று தொண்டை கட்டக் கத்தினாய். அந்தக் கண்டி மாத்தையா வந்து உன் கையைப் பிடித்து, "முத்துவின் அடுத்த குட்டி எந்த மாதத்தில் பிறந்தாலும் சொல்லுங்கள்" என்றார்.

இறங்கி வரும்போது லொறியில்தான் நான் கேட்டேன். "ஏன்டா என்ட பிழைய உன்ட தலையில போட்டாய்?"

நீ ஒரு பணிஸ் ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொன்னாய்: "உன்ட பிழை எண்டா உன்ட கடைக்கு ஆள் வராது. என்ட பிழை எண்டா என்ட குதிரைக்கு ஆள் வராது. அது முந்தியும் வரல்லதானே!"

அதைச் சொல்லி நீ சிரித்தாய், டிரைவர் ஏன் என்று தெரியாமலே சிரித்தான். நானும் சிரித்தேன். ஊருக்குப் போனதும் எல்லோரிடமும் சொல்லப் போகிறேன் என்றேன். "அவசரம் இல்லடா" என்றாய். சில மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்கு உடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஜனாஸாவுக்கு வந்த கூட்டத்தில் யாரோ ஒருவர், அன்போடுதான், "கழுதைக் கணக்கு ஹாஜியார் போயிட்டார்" என்றார். நான் அப்போதும் பேசாமல் உன் கபுருக்கு மூன்று பிடி மண் போட்டேன்.

இனி இன்று காலைக்கு வருகிறேன். உன் மகள் வட்டிலப்பம் மட்டும் கொண்டுவரவில்லை. நீ விட்ட இடத்திலிருந்து பிடித்திருக்கிறாள். பெட்டைகளைக் கூட்டாக வளர்க்கும் அந்தத் திட்டத்தைத் தூசி தட்டி, மூன்று பேரைக் கேட்டிருக்கிறாள். அதில் ஒருவர் நம் கோழிப் பண்ணைக்காரர். அவர் பதில் சொல்ல என் கடைக்கே வந்தார், தீனியும் எடுத்த மாதிரி இருக்கும் என்று. ஒரு துண்டு வட்டிலப்பத்தை வாயில் போட்டுக்கொண்டு, "எனக்கு விருப்பந்தான் மகள். ஆனா உங்கட வாப்பா மாதிரி கழுதைக் கணக்குப் பாத்தா எங்களுக்குக் கட்டாது" என்றார்.

உன் மகள் சிரிக்க முயன்றாள். பழகிப்போன சிரிப்பு. கையிலிருந்த கரண்டியைத் தராசில் வைத்தேன்.

"அது ஹாஜியார்ட கணக்கு இல்ல. என்ட கணக்கு" என்றேன்.

"என்ன?" என்றார் கோழிப் பண்ணைக்காரர்.

"நான்தான் பன்னெண்டு பிறை எண்டன். அந்த மனுசன் முந்திப் போனா முந்திப் பிறந்திடும் எண்டார். நான்தான் கேக்கல்ல. அவர் பிழை செய்யல்ல. என்ட கடைய நினைச்சு என்ட பிழையத் தூக்கித் தன்ட தலையில வெச்சார். நான் மூணு வருஷம் ஊமையாட்டம் இருந்தன்."

சோள மூட்டையில் ஒரு காகம் கொத்தியது, யாரும் விரட்டவில்லை. கோழிப் பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார், தான் எடுத்துவைத்திருந்த தீனி மூட்டையைப் பார்த்தார். போய்விட்டது என் கடை என்று நினைத்தேன். பிறகு அந்த மனுசனுக்குத் தோள் குலுங்கத் தொடங்கியது. "அப்ப இவ்வளவு நாளும் அவர்..." என்று தொடங்கி முடிக்க முடியாமல் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அப்பிடிப்பட்ட மனுசன்ட மகளோட சேர நான் யோசிக்கவா? எழுதிக்கோங்க மகள், என்னையும்."

உன் மகள் அழுதுவிட்டாள், மச்சான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உன் கண்ணால் என்னைப் பார்த்து, "மாமா, முத்துவ அடுத்த மாசம் மலைக்குக் கொண்டுபோறம். தீனி நீங்க தாங்க, லொறி நீங்க தாங்க. நாள் மட்டும் நீங்க பாக்க வேணாம்" என்றாள்.

டிசம்பருக்கு இன்று நாலு வயது. உண்மையில் மூன்றும் ஐந்து நாளும். வயது ஏற ஏற அந்த வித்தியாசம் தெரியாமல் போகிறது, நீ சொன்ன மாதிரியே. பகல் போய் அவளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி கொடுத்தேன். முத்து எனக்கு முதுகைக் காட்டி நின்றாள், அவளுக்கு இன்னும் கோபம் போகவில்லை.

அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிப் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார்கள். "கழுதைக் கணக்கு நானா!"

பழக்கதோஷத்தில் உன்னைத்தான் தேடினேன், மச்சான். பிறகு "ஓம்" என்று திரும்பினேன்.